வ. உ. சிதம்பரம் பிள்ளை

வ. உ. சிதம்பரம் பிள்ளை (செப்டம்பர் 5, 1872 – நவம்பர் 18, 1936) இந்திய விடுதலைப் போராட்ட வீரரும் வழக்கறிஞரும் தமிழறிஞரும் ஆவார். வ. உ. சி. என்ற சுருக்கப் பெயரால் பரவலாக அறியப்படுபவர். ஆங்கிலேயக் கப்பல் நிறுவனத்துக்குப் போட்டியாகத் தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் இடையே சுதேசிக் கப்பல்களைச் செலுத்தியதால் கப்பலோட்டிய தமிழன் என்றும், சிறையில் எண்ணெய்ச் செக்கு இழுக்க வைக்கப்பட்டதால் செக்கிழுத்த செம்மல் என்றும் போற்றப்படுகிறார். கப்பலுக்கும் செக்குக்கும் இடைப்பட்ட காலத்தில் தூத்துக்குடி கோரல் ஆலைத் தொழிலாளர்களுக்காக இவர் தலைமையேற்று நடத்திய ஒன்பது நாள் வேலைநிறுத்தம் அந்த அளவுக்கு அறியப்படவில்லை. தமிழகத்தில் தொழிற்சங்கங்கள் தோன்றுவதற்குப் பத்தாண்டுகளுக்கு முன்பே நடந்த இவ்வேலைநிறுத்தம், இவர் மக்களை எவ்வாறு வழிநடத்தினார் என்பதை மற்ற நிகழ்வுகளைக் காட்டிலும் தெளிவாகக் காட்டுகிறது. எனவே அது இங்குச் சற்று விரிவாகவே கூறப்படுகிறது.

பிறப்பும் இளமையும்

சிதம்பரம் பிள்ளை அன்றைய திருநெல்வேலி மாவட்டத்தின் ஒட்டப்பிடாரத்தில் உலகநாத பிள்ளை, பரமாயி அம்மாள் இணையருக்கு மகனாகப் பிறந்தார். கோவில்பட்டி, எட்டயபுரம், விளாத்திகுளம், ஒட்டப்பிடாரம் என விரியும் கரிசல் வட்டாரத்தைச் சேர்ந்தது இவ்வூர். கட்டபொம்மனின் பாஞ்சாலங்குறிச்சி இதன் அருகிலேயே உள்ளது. தந்தை வழக்கறிஞர். எட்டயபுரத்துடன் அக்குடும்பத்துக்குத் தொடர்பு இருந்தது. எட்டயபுரத்தில் பிறந்த சுப்பிரமணிய பாரதியுடன் பின்னாளில் ஏற்பட்ட நட்புக்கு இதுவும் ஒரு காரணமாயிற்று.

ஒட்டப்பிடாரத்திலும் தூத்துக்குடியிலும் திருநெல்வேலியிலும் பள்ளிக் கல்வி பயின்றபின் சிலகாலம் வட்டாட்சி அலுவலகத்தில் எழுத்தராகப் பணியாற்றினார். பின்னர் திருச்சிராப்பள்ளியில் சட்டம் பயின்று, 1894ஆம் ஆண்டில் தேர்ச்சி பெற்று, 1895இல் ஒட்டப்பிடாரத்தில் தொழிலைத் தொடங்கினார். ஏழைகளின் வழக்குகளைக் கட்டணமின்றி நடத்தியதும், குற்ற வழக்குகளில் காவல்துறையினரை அஞ்சாமல் எதிர்த்து வாதாடியதும் இவருக்கு ஊரில் நற்பெயரையும் அதிகாரிகளிடத்தில் பகையையும் ஒருங்கே ஈட்டித் தந்தன. 1900ஆம் ஆண்டில் தூத்துக்குடிக்குக் குடிபெயர்ந்தார்.

இக்காலத்து நிகழ்வு ஒன்று இவரது இயல்பை அறிய உதவும். ஒடுக்கப்பட்ட சமூகத்தைச் சேர்ந்தவரும் கண்பார்வையற்றவருமான இராமையா தேசிகர் என்ற துறவியை இவர் தம் வீட்டில் தங்கவைத்துப் பேணினார். முதல் மனைவி வள்ளியம்மை தம் கையாலேயே அவருக்கு உணவு பரிமாறினார். உறவினர் எதிர்ப்புத் தெரிவித்தபோதும் கணவனும் மனைவியும் அசையவில்லை. வள்ளியம்மை 1901இல் காலமானார். பின்னர் வ. உ. சி. மீனாட்சி அம்மாளை மணந்தார்.

கரிசலும் துறைமுகமும்

கரிசல் நிலம் வானம் பார்த்த பூமி. ஆறும் ஏரியும் அரிது. வடகிழக்குப் பருவமழையின் ஈரத்தைக் கறுப்பு மண் உள்வாங்கி வைத்துக்கொள்ள, அந்த ஈரத்திலேயே பருத்தியும் கம்பும் சோளமும் விளைந்தன. திருநெல்வேலிப் பருத்தி என வணிகர் குறித்தது இவ்வட்டாரத்து விளைச்சலையே. 1901இல் கோவில்பட்டியில் வேளாண்மை ஆராய்ச்சி நிலையம் தொடங்கப்பட்டதற்கும் இம்மண்ணும் இப்பருத்தியுமே காரணங்கள். மாட்டு வண்டியிலும், 1876இல் மதுரையிலிருந்து அமைக்கப்பட்ட இருப்புப்பாதையிலும் பருத்தி தூத்துக்குடிக்குச் சென்றது. அங்கே ஐரோப்பிய நிறுவனங்கள் அதனை வாங்கி, அழுத்திப் பொதிகளாக்கிக் கப்பலேற்றின.

துறைமுகத்திலேயே நூல் நூற்கும் ஆலைகளும் எழுந்தன. பாபநாசம் அருவிக்கருகே நூற்பாலை நிறுவிய ஆர்வி சகோதரர்கள் தூத்துக்குடியில் கோரல் ஆலையை அமைத்தனர். மழை பொய்த்தால் கரிசல் குடும்பங்களுக்கு அக்காலத்தில் இருந்த வழிகள் சில. இலங்கைத் தோட்டங்களுக்குக் கப்பலேறலாம், துறைமுகத்தில் மூட்டை சுமக்கலாம், ஆலைக்குள் நுழையலாம். வ. உ. சி. பின்னாளில் கைவைத்த கப்பல், ஆலை இரண்டும் இம்மக்களின் வாழ்வோடு நேரடியாகப் பிணைந்தவை என்பது குறிப்பிடத்தக்கது.

சுதேசிக் கப்பல் நிறுவனம்

வங்கப் பிரிவினைக்குப் பின் எழுந்த சுதேசி இயக்கம் வ. உ. சி.யை முழுமையாக ஆட்கொண்டது. கைத்தொழிலை வளர்ப்பதற்காகத் தருமசங்க நெசவுச்சாலையையும், உள்நாட்டுப் பொருள்களை விற்கப் பண்டகசாலையையும் தூத்துக்குடியில் ஏற்படுத்தினார். இவற்றைத் தொடர்ந்து 1906ஆம் ஆண்டில் சுதேசிக் கப்பல் நிறுவனம் பதிவு செய்யப்பட்டது. மூலதனம் 10 இலட்சம் ரூபாய். 25 ரூபாய் வீதம் 40,000 பங்குகள். மதுரைத் தமிழ்ச்சங்கத்தை நிறுவிய பாண்டித்துரைத் தேவர் தலைவராகவும், வ. உ. சி. உதவிச் செயலாளராகவும் இருந்தனர். முகமது பக்கீர் சேட்டு என்ற வணிகர் மட்டும் 8,000 பங்குகளுக்காக 2 இலட்சம் ரூபாய் அளித்தார்.

முதலில் வாடகைக் கப்பல்களைக் கொண்டே நிறுவனம் இயங்கியது. பிரித்தானிய இந்திய நீராவிக் கப்பல் நிறுவனத்தின் நெருக்கடியால் அவை திரும்பப் பெறப்பட்டன. சொந்தக் கப்பல் இல்லாமல் ஊர் திரும்புவதில்லை என்ற உறுதியுடன் வ. உ. சி. பம்பாய்க்குச் சென்றார். அப்போது மகன் நோயுற்றிருந்தான், மனைவி கருவுற்றிருந்தார். 1907இல் எஸ். எஸ். காலியா, எஸ். எஸ். லாவோ என்னும் இரு கப்பல்கள் தூத்துக்குடிக்கு வந்து சேர்ந்தன. அதன்பின் நடந்த கட்டணப் போட்டி நன்கு அறியப்பட்டது. ஆங்கிலேய நிறுவனம் பயணக் கட்டணத்தை ஒரு ரூபாயாகக் குறைக்க, சுதேசி நிறுவனம் அரை ரூபாயாக்கியது. இறுதியில் ஆங்கிலேய நிறுவனம் கட்டணமே இல்லாமல் ஏற்றிச் சென்றதுடன் பயணிகளுக்குக் குடையும் வழங்கியது.

கோரல் ஆலை வேலைநிறுத்தம்

நூற்பாலை வேலை எத்தகையது என்பதை முதலில் கூறுவது தேவை. நூல் அறாமல் ஓடுவதற்குக் காற்றில் ஈரப்பதம் வேண்டும். எனவே அக்கால ஆலைகளில் காற்றோட்டம் மட்டுப்படுத்தப்பட்டு, உள்ளே புழுக்கம் நிறைந்திருந்தது. பஞ்சுத்துகள் காற்றில் மிதந்து மூச்சுடன் உட்சென்றது. கதிர்கள் ஓடும் ஓசையில் பக்கத்தில் நிற்பவர் பேசுவதும் கேட்காது. வயது வந்த ஆண்களின் வேலை நேரத்துக்கு அப்போது சட்ட வரம்பு எதுவும் கிடையாது. நெசவு, நூற்பாலைகளில் நாளொன்றுக்கு 12 மணி நேரம் என்ற வரம்பே 1911ஆம் ஆண்டுச் சட்டத்தில்தான் வந்தது. தொழிற்சங்கம் என்ற அமைப்புக்குச் சட்ட ஏற்பு கிடைக்க 1926 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. ஆக, 1908இல் ஆலையை விட்டு வெளியேறும் தொழிலாளிக்குப் பின்னால் நிற்கச் சட்டமும் இல்லை, சங்கமும் இல்லை, சேமநிதியும் இல்லை. கூலி நின்றால் அடுப்பு நின்றது.

1908ஆம் ஆண்டின் தொடக்கத்தில் சுப்பிரமணிய சிவா தூத்துக்குடிக்கு வந்தார். இருவரும் கடற்கரையில் தொடர்ந்து பொதுக்கூட்டங்களில் பேசினர். பெப்ரவரி 23 அன்று நடந்த கூட்டத்தில் கோரல் ஆலைத் தொழிலாளர்களின் குறைந்த கூலியையும் கடுமையான பணிச்சூழலையும் வ. உ. சி. எடுத்துரைத்தார். நான்கு நாட்கள் கழித்து, பெப்ரவரி 27 அன்று வேலைநிறுத்தம் தொடங்கியது. கூலி உயர்வு, வாராந்திர விடுமுறை, மற்ற விடுப்பு வசதிகள் ஆகியன கோரிக்கைகள். நாட்டு விடுதலை இக்கோரிக்கைப் பட்டியலில் இல்லை. மேடையில் அரசியலை முழங்கிய ஒருவர், தொழிலாளர் சார்பில் கேட்டபோது தொழிலாளருக்கு வேண்டியதை மட்டுமே கேட்டார்.

தலைவர்கள் வேலைநிறுத்தத்துக்கு அறைகூவல் விடுப்பது எளிது. அதன் மூன்றாம் நாள், நான்காம் நாள் என்ன ஆகும் என்பதே கேள்வி. வ. உ. சி. இதனை உணர்ந்திருந்தார் என்பதற்கு அவர் செய்த ஏற்பாடுகளே சான்று. நகரத்தாரிடம் பொருள் திரட்டப்பட்டது. வேலையிழந்து நின்றோருக்கு உணவுக்கு வழி செய்யப்பட்டது. இயன்றவர்களுக்கு நகரில் வேறு வேலை தேடித் தரப்பட்டது. வழக்கறிஞர்களும் வணிகர்களும் இதில் பங்கேற்றனர். ஆலைக்குள் நடந்த பூசலை ஊர்ப் பொதுப் பிரச்சினையாக மாற்றியதே இவரது தலைமையின் தனித்தன்மை எனலாம். ஆலை நிருவாகத்தை ஆதரித்தவர்களுக்குச் சவரம் செய்ய நாவிதர்கள் மறுத்ததாகவும் கூறப்படுகிறது. நகரத்தின் மிக எளிய தொழிலைச் செய்தவர்களும் இதனைத் தம் போராட்டமாகக் கருதினர் என்பதே அச்செய்தியின் பொருள்.

அரசு வாளாவிருக்கவில்லை. வெளியூர்களிலிருந்து கூடுதல் காவலர்கள் வரவழைக்கப்பட்டனர். கலவரம் ஏதும் நிகழ்ந்திருந்தால் அதனையே காரணமாகக் காட்டி வேலைநிறுத்தத்தை முறியடித்திருக்க முடியும். ஆனால் அந்நாட்களில் தொழிலாளர்கள் கட்டுப்பாட்டுடனேயே இருந்தனர்.

மார்ச் 6 அன்று ஆலையின் தலைமை எழுத்தர் வ. உ. சி.யைச் சந்தித்து, உரிமையாளர்கள் இணங்கத் தயாராக இருப்பதாகத் தெரிவித்தார். பேச்சுவார்த்தைக்கு இவர் தனியே செல்லவில்லை. 50 தொழிலாளர்களை உடன் அழைத்துச் சென்றார். சட்டம் படித்த, ஆங்கிலம் அறிந்த, கப்பல் நிறுவனம் நடத்திய ஒருவர் தனித்தே சென்று முடித்துவரக்கூடிய பேச்சு அது. நாள்தோறும் தலைகுனிந்து நின்ற நிருவாகிகளின் முன்னிலையில் தொழிலாளர்கள் தம் கோரிக்கைகள் ஏற்கப்படுவதை நேரில் கண்டனர். கூலி உயர்வும், வேலை நேரக் குறைப்பும், ஞாயிறு விடுமுறையும் ஒப்புக்கொள்ளப்பட்டன. ஒன்பது நாள் வேலைநிறுத்தத்துக்குப் பின் தொழிலாளர்கள் ஆலைக்குத் திரும்பினர்.

இதன் விளைவு கோரல் ஆலையோடு நிற்கவில்லை. தூத்துக்குடியிலிருந்த மற்ற ஐரோப்பிய நிறுவனங்களின் பணியாளர்களும் கூலி உயர்வையும் மேம்பட்ட நடத்தையையும் பெற்றனர். கல்கத்தாவில் அரவிந்தர் தம் வந்தே மாதரம் இதழில் இவ்வெற்றியைப் பாராட்டி எழுதினார்.

கைதும் தீர்ப்பும்

வேலைநிறுத்தம் முடிந்த ஒரு வாரத்துக்குள், மார்ச் 12, 1908 அன்று வ. உ. சி.யும் சிவாவும் பத்மநாப ஐயங்காரும் கைது செய்யப்பட்டனர். விபின் சந்திர பாலரின் விடுதலையைக் கொண்டாடக் கூட்டம் நடத்தியதே உடனடிக் காரணம். எனினும் கப்பல் போட்டியை ஓராண்டுக்கு மேல் வணிக நெருக்கடிகளால் சமாளித்துவந்தவர்கள், ஆலைத் தொழிலாளரும் நகர மக்களும் ஒருவர் பின்னால் திரண்டதைக் கண்டபின் காத்திருக்கவில்லை என்பதை நாள்வரிசையே உணர்த்துகிறது.

மறுநாள் திருநெல்வேலியில் கலவரம் மூண்டது. துப்பாக்கிச் சூட்டில் நால்வர் உயிரிழந்தனர். தூத்துக்குடியில் கடைகள் அடைக்கப்பட்டன. கோரல் ஆலைத் தொழிலாளர்கள் மீண்டும் வேலையை நிறுத்தினர். இம்முறை கூலி கேட்கவில்லை. ஒரு வாரத்துக்கு முன்னர்தான் பெற்ற உயர்வைப் பணயம் வைத்து, சிறையிலிருந்த ஒருவருக்காக வெளியேறினர். வண்டியோட்டிகள், துப்புரவுப் பணியாளர்கள், நாவிதர்கள் எனப் பலரும் சேர்ந்துகொண்டனர். திலகருக்குத் தண்டனை விதிக்கப்பட்டதை எதிர்த்துப் பம்பாய் ஆலைத் தொழிலாளர்கள் செய்த வேலைநிறுத்தம் அவ்வாண்டு சூலையில் நிகழ்ந்தது. அதற்கு நான்கு மாதங்கள் முந்தியது என்பதால், இந்தியாவின் முதல் அரசியல் வேலைநிறுத்தம் எனத் தூத்துக்குடி நிகழ்வை ஆய்வாளர் சிலர் குறிப்பிடுகின்றனர்.

நீதிபதி பின்ஹே சூலை 7, 1908 அன்று தீர்ப்பளித்தார். அரசுக்கு எதிராகப் பேசியதற்காக 20 ஆண்டுகள், சிவாவுக்கு உடந்தையாக இருந்ததற்காக 20 ஆண்டுகள் என இரட்டை ஆயுள் தண்டனை விதிக்கப்பட்டது. தீர்ப்பைக் கேட்ட இவரது தம்பி மீனாட்சிசுந்தரம் மனநிலை பிறழ்ந்தார். மேல்முறையீட்டில் தண்டனை ஆறு ஆண்டுகளாகக் குறைக்கப்பட்டது.

சிறைவாழ்வு

வ. உ. சி. சூலை 1908 முதல் திசம்பர் 1910 வரை கோயம்புத்தூர்ச் சிறையிலும், பின்னர் கண்ணூர்ச் சிறையிலும் இருந்தார். நார் உரிக்கும் எந்திரத்தைச் சுற்றியதில் கைகளின் தோல் கிழிந்தது. அதன்பின் மாட்டுக்கு மாற்றாகச் செக்கில் பூட்டப்பட்டார். உடனிருந்த கைதிகள் இவரிடம் காட்டிய அன்பையும், அவர்கள் பட்ட துன்பங்களையும் அகவற்பாவில் எழுதிய தம் சுயசரிதையில் பதிவு செய்துள்ளார். மக்களிடமிருந்து பிரித்து வைப்பதற்காகவே அடைக்கப்பட்ட ஒருவருக்குச் சிறைக்குள்ளும் ஒரு சுற்றம் உருவானது வியப்பளிப்பது.

ஜேம்ஸ் ஆலன் என்ற ஆங்கில எழுத்தாளரின் நூலை மனம் போல வாழ்வு என்ற பெயரில் தமிழாக்கினார். அது 1909இல் வெளிவந்தது. அகமே புறம், வலிமைக்கு மார்க்கம், சாந்திக்கு மார்க்கம் என்பனவும் ஆலனின் நூல்களுக்கு இவர் செய்த தமிழாக்கங்களே. மெய்யறம், மெய்யறிவு ஆகியன இவரது சொந்தப் படைப்புகள்.

இவர் சிறையிலிருந்தபோது கப்பல் நிறுவனம் நலிந்து 1911இல் கலைக்கப்பட்டது. காலியா கப்பல் போட்டி நிறுவனத்துக்கே விற்கப்பட்டதாகக் கூறப்படுகிறது. அதே ஆண்டு சூன் 17 அன்று, கரிசல் வட்டாரத்தின் மணியாச்சி சந்திப்பில் மாவட்ட ஆட்சியர் ஆஷ் வாஞ்சிநாதனால் சுட்டுக் கொல்லப்பட்டார். 1908இல் ஆஷ் தூத்துக்குடியில் பணியாற்றியவர்.

விடுதலைக்குப் பின்

திசம்பர் 24, 1912 அன்று கண்ணூர்ச் சிறையிலிருந்து விடுதலையானபோது வாயிலில் காத்திருந்தவர்கள் மிகச் சிலரே. சிவா அவர்களுள் ஒருவர். சிறையில் தொழுநோய்க்கு ஆளாகியிருந்த அவர் 1925இல் மறைந்தார். வழக்கறிஞர் உரிமம் பறிக்கப்பட்டிருந்ததால் வ. உ. சி. சென்னையில் மளிகைக் கடையும் மண்ணெண்ணெய்க் கடையும் நடத்திப் பார்த்தார், எதுவும் நிலைக்கவில்லை. தென்னாப்பிரிக்கத் தமிழர்கள் இவருக்கெனத் திரட்டிய தொகை காந்தி வழியாக நீண்ட கடிதப் போக்குவரத்துக்குப் பின்னரே வந்து சேர்ந்தது.

வறுமை இவரைத் தொழிலாளரிடமிருந்து விலக்கிவிடவில்லை. 1918இல் சென்னைத் தொழிலாளர் சங்கம் உருவாகி, திரு. வி. க. முதலியோர் ஆலைத் தொழிலாளரை அணிதிரட்டிய காலத்தில் இவரும் அவ்வியக்கத்துக்குத் துணைநின்றார். ஒத்துழையாமைக் கொள்கையில் உடன்பாடு இல்லாமையால் 1920இல் காங்கிரசிலிருந்து விலகினார். கோயம்புத்தூரில் சிலகாலம் வங்கி ஒன்றில் பணிபுரிந்தார்.

கோவில்பட்டியில்

வாலேசு என்ற ஆங்கிலேய நீதிபதியின் உதவியால் வழக்கறிஞர் உரிமம் திரும்பக் கிடைத்தது. நன்றியின் அடையாளமாகத் தம் மகன் ஒருவருக்கு வாலேசுவரன் எனப் பெயரிட்டார். தண்டனை அளித்த அரசமைப்புக்குள் இருந்த ஒரு மனிதரின் நற்செயலைத் தனியே பிரித்துக் காணும் மனம் இவருக்கு இருந்தது.

1920களின் நடுப்பகுதி முதல் 1932 வரை கோவில்பட்டியில் தங்கி வழக்கறிஞராகப் பணிபுரிந்தார். பிறந்த ஊரின் அதே கறுப்பு மண், அதே பருத்தி. ஆனால் பத்து இலட்சம் மூலதனத்தில் நிறுவனம் நடத்தியவர் இப்போது குடும்பச் செலவுக்கே திணறினார். 1927இல் மீண்டும் காங்கிரசில் சேர்ந்து சேலத்தில் நடந்த மாநாட்டுக்குத் தலைமை வகித்தார். இக்காலத்தில் இவர் பெரிதும் ஈடுபட்டது தமிழ்ப்பணியிலேயே. திருக்குறள் மணக்குடவர் உரையை 1917இலேயே அச்சிட்டிருந்தார். தொல்காப்பியத்துக்கு இளம்பூரணர் எழுதிய உரையைப் பதிப்பிக்கும் பணியையும் மேற்கொண்டார்.

1932இல் தூத்துக்குடிக்குத் திரும்பினார். நவம்பர் 18, 1936 அன்று, தம் விருப்பப்படியே தூத்துக்குடி காங்கிரசு அலுவலகத்தில் உயிர்நீத்தார். இறுதி நாட்களில் இவர் எழுதிவைத்த உயிலில் துணிக்கடை, எண்ணெய்க்கடை போன்றவற்றுக்குத் தர வேண்டிய சிறு பாக்கிகளும் குறிக்கப்பட்டுள்ளன.

நினைவுகள்

ம. பொ. சிவஞானம் எழுதிய வாழ்க்கை வரலாற்று நூலால் கப்பலோட்டிய தமிழன் என்ற பெயர் நிலைபெற்றது. பி. ஆர். பந்துலு இயக்கத்தில் 1961இல் வெளிவந்த அதே பெயருடைய திரைப்படத்தில் சிவாஜி கணேசன் வ. உ. சி.யாக நடித்தார். நூற்றாண்டு விழாவையொட்டி 1972இல் இந்திய அஞ்சல் துறை நினைவு அஞ்சல்தலை வெளியிட்டது. ஒட்டப்பிடாரத்தில் இவர் பிறந்த வீடு நினைவில்லமாகப் பராமரிக்கப்படுகிறது. 2011இல் தூத்துக்குடித் துறைமுகத்துக்கு வ. உ. சிதம்பரனார் துறைமுகம் எனப் பெயர் சூட்டப்பட்டது. கோரல் ஆலை பிற்காலத்தில் மதுரா கோட்ஸ் நிறுவனத்தின் பகுதியாயிற்று.